லிஃப்ட் அக்காவின் வயது

ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சமூக வலைத்தளத்தில் அவள் நடத்திவந்த பக்கம் பூட்டப்பட்டது. காலையில் போட்ட வீடியோவுக்கு என்ன பதில் வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் இடது கையால் போனை எடுத்தாள். திரை முழுக்க வெள்ளையாகி நடுவில் ஒரு வட்டம் வந்தது. முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொன்னது. புதுச் சட்டம் வந்து மூன்று வாரமாகியிருந்தது. பதினாறு வயது நிரம்பாதவர்கள் இந்த மாதிரித் தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது, வயதைச் சரிபார்ப்பது தளங்களை நடத்துகிறவர்களின் பொறுப்பு என்று செய்தியில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு முகத்தைக் காட்டினாள். வலது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். இடது பக்கம் திரும்பச் சொன்னது, அதையும் செய்தாள். அது கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, 'நீங்கள் பதினாறு வயதுக்கு உட்பட்டவர் எனத் தெரிகிறது. உங்கள் நலன் கருதி இந்தக் கணக்கு நிறுத்திவைக்கப்படுகிறது' என்றது. பதினான்கு நாட்களுக்குள் வயதை நிரூபிக்காவிட்டால் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும் என்று அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கடைசி வரியில், இதைப் பற்றி உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ மனம்விட்டுப் பேசுங்கள் என்று ஒரு அறிவுரை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

இது அவளுக்குப் புதிதில்லை. உயரம் நாலடி ஏழு அங்குலம். அதைவிடப் பெரிய தொந்தரவு முகம். வட்டமாக, ஒரு கோடு விழாமல், பள்ளிக்கூடத்துக் குழுப் படத்தில் இருந்த மாதிரியே நின்றுவிட்ட முகம். இருபத்து நாலு வயது வரைக்கும் பஸ்ஸில் கேட்காமலே அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று படம் எடுக்க வந்தவர், "கொஞ்சம் தள்ளிக்க பாப்பா, பொண்ணு எங்க?" என்று அவளிடமே கேட்டார். பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் போய் நின்றபோது, யாரைப் பார்க்க வந்திருக்கிறாய் என்று விசாரித்தார்கள். இதையெல்லாம் அவளே நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். சொல்லாமல் விடுவது ஒன்றுதான். லிஃப்ட் பழுது பார்க்கும் இந்த வேலையில் சேர்ந்த அன்றைக்கு மேற்பார்வையாளர் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார். பத்தொன்பது வருடம் கழித்தும் பாப்பாதான். அவளுக்குப் பிறகு வந்த பையன்களெல்லாம் சார் ஆகிவிட்டார்கள். குழிக்குள் இறங்க வேண்டுமா, பெட்டிக்கு எதிராகத் தொங்கும் எடைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைய வேண்டுமா, பாப்பாவை அனுப்பு. கயிறு மாற்றுகிற உரிமம் அந்த நிறுவனத்தில் நாலே பேரிடம் இருக்கிறது. அதில் ஒருத்தி அவள். அதற்கும், பாப்பா பாஸாயிட்டா என்று இனிப்பு கொடுத்தார்கள்.

அந்தப் பக்கத்தில் மட்டும்தான் அவள் அக்கா. நாலு வருடத்துக்கு முன்னால், நடுவில் நின்றுபோன லிஃப்டின் கதவைக் கையால் நெம்பித் திறந்து வெளியே குதிக்கப் பார்த்த ஒருவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றிவிட்டு, கோபம் தணியாமலே இரண்டு நிமிட வீடியோ ஒன்று எடுத்துப் போட்டாள். லிஃப்ட் நின்றால் மூச்சு முட்டாது, காற்று வரும், கதவைத் தொடாதே, மணியை அழுத்திவிட்டுச் சும்மா உட்கார், நாங்கள் வருவோம். அவ்வளவுதான் அதில் இருந்தது. அது எங்கெங்கேயோ போனது. பிறகு பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். இந்த வேலைக்கு நாங்களும் வரலாமா அக்கா, பலம் வேண்டுமா அக்கா, வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள் அக்கா. புதன்கிழமைதோறும் சாயங்காலம் பாடம் எடுக்கத் தொடங்கினாள். தலைக்கவசமும் கையும் தெரிகிற மாதிரி போனை நிறுத்திவைத்து, ரோலரையும் பிரேக்கையும் கழற்றிக் காட்டுவாள். உயரம் யாருக்கும் தெரியாது. 'லிஃப்ட் அக்கா' என்று பேர் வைத்தது அவளில்லை, அவர்கள்தான். ஐம்பத்தொரு வயது அம்மா ஒருத்தரும் அக்கா என்றுதான் எழுதுவார். இந்த மாதக் கடைசியில் முந்நூற்றுச் சொச்சம் பேர் உரிமப் பரீட்சை எழுதப் போகிறார்கள். இன்னும் மூன்று பாடம் பாக்கி.

அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். விஷயத்தைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, அடையாள அட்டையை அனுப்பிப் பார்க்கலாமே என்றார். அனுப்பினார்கள். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. அட்டையில் உள்ளவருக்கும் விண்ணப்பித்தவருக்கும் முகச்சாயல் இருக்கிறது, ஆனால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த குழந்தை பெரியவருடைய அட்டையைப் பயன்படுத்துவதாகச் சந்தேகம் எழுகிறது, சரிபார்ப்பு மையத்துக்கு நேரில் வரவும்.

"உங்கம்மா அட்டைய நீ திருடிட்டேன்னு சொல்றாங்க" என்றார் கணவர், சிரிக்காமல் இருக்க முயன்றபடி. அவள் எழுந்து போய், மறுநாளைக்கான சீருடையை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

மகள் வந்து கதவோரம் நின்றாள். வயது பதினைந்தேகால். உயரம், தோள், கனமான குரல் எல்லாம் அப்பா வீட்டு வழி. அம்மாவைவிட ஒரு தலை உயரம், பக்கத்தில் நின்றால் அம்மாவின் வகிடு தெரியும். அந்தக் குரலை வைத்து அவளும் ஒரு பக்கம் நடத்திவந்தாள். பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடக்கிற பெண்கள் வாலிபால் ஆட்டங்களுக்கு நேரடி வர்ணனை. யாரும் படம் எடுக்க வராத ஆட்டங்கள். ஒரு கையில் போன், வாயில் மூச்சுவிடாத பேச்சு. விளையாடுகிற பெண்களின் வீட்டுக்காரர்கள்தான் முதலில் கேட்டார்கள், பிறகு ஆயிரத்து இருநூறு பேர். கேட்பவர்கள் அவளை வேலைக்குப் போகிற பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நான் வேணா முகத்தக் காட்டட்டுமா? ஒரு நிமிஷத்துல திறந்துரும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

மகள் சுவரைப் பார்த்தாள். "எனக்கு இருபத்திமூணுன்னு சொல்லுச்சு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள் அம்மா. உண்மையில் அவளுக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. சட்டம் வந்த பிறகும் நாலு வாரமாக மகளின் வர்ணனை நிற்கவில்லை. எப்படி நிற்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். சட்டம் தப்பு என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் குரல் நன்றாக இருக்கிறது என்று ஆரம்பித்து, நாலாவது நாள் படம் கேட்டான். மகளே கொண்டுவந்து காட்டினாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனைத் தடுத்தார்கள். அன்றைக்கு மகளின் கை நடுங்கியது அம்மாவுக்கு மறக்கவில்லை. இருபத்து மூன்று என்று மெஷின் சொல்லிவிட்டால் அந்தக் கை இருபத்து மூன்று வயதுக் கை ஆகிவிடாது.

"வேணாம்" என்றாள். "உன் முகத்த வச்சு நான் பெரியவளாக வேணாம். இந்த முப்பத்தெட்ட நான் ஒண்ணொண்ணா ஏறி வந்திருக்கேன். நான்தான் காட்டணும்." சீருடையின் காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "உன்னோடத என்ன பண்றதுன்னு நீயே யோசி. நானாப் போய் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஆனா யாராவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"இன்னும் ரெண்டு வாரத்துல ஃபைனல்ம்மா" என்றாள் மகள், அதுதான் எல்லாவற்றுக்கும் பதில் என்பதைப் போல. அம்மா இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

மையத்தில் அவளுக்கு நாள் கிடைத்தது பதினான்காவது நாள் காலையில். கணவர் கடை வேலையாக வெளியூர் போயிருந்தார். அன்றைக்கு மகளுக்குப் பள்ளி அரை நாள். மதியத்துக்கு மேல் போனால் போதும், நானும் வருகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் நீளமான கூடம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார இடமில்லை. அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோளை விறைத்து உட்கார்ந்திருந்த பையன்கள், உதட்டுச் சாயத்தைப் பூசியும் துடைத்தும் மறுபடி பூசியும் கொண்டிருந்த பெண்பிள்ளைகள். ஒருவன் மீசை இருக்க வேண்டிய இடத்தைக் கண்மையால் கருக்கியிருந்தான், வேர்வையில் அது வாய்வரை இறங்கியிருந்தது. அத்தனை பேரும் பெரியவர்களாக ஆசைப்பட்டு வந்திருந்த கூடத்தில், ஏற்கெனவே பெரியவளாக இருந்த ஒருத்தி சீருடையுடன், கைப்பையில் உரிமத்துடன் நின்றாள். டோக்கன் கொடுத்த காவலாளி மகளைப் பார்த்து, "உங்க பாப்பாவ அந்த வரிசையில நிக்க வைங்கம்மா" என்றார். வழக்கமாக இதற்கெல்லாம் வாய்பொத்திச் சிரிக்கிற மகள் அன்று சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து லேசாக அழுத்தினாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண். ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் அடையாள அட்டை. "சொல்லு பாப்பா, யாரோட அட்டை இது?" என்றார், திட்டுகிற குரலில் இல்லை, களைத்துப்போன குரலில். என்னுடையது என்றாள். காலையிலிருந்து பதினோரு பேர் அக்கா அட்டையோடும் சித்தி அட்டையோடும் வந்துவிட்டார்கள், நீ பன்னிரண்டாவது என்றார் அலுவலர். உரிமத்தை எடுத்து வைத்தாள். அதில் இருந்த படத்தில் தலைக்கவசம் பாதி நெற்றியை மறைத்திருந்தது. உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். இரும்புக் கயிறு உரசிப் பளபளப்பாகிப்போன தழும்பு, நசுங்கி வேறு மாதிரி முளைத்த கட்டைவிரல் நகம். அலுவலர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்ப ஆசைப்பட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மேசை மேலிருந்த கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்து இன்னொரு தடவை பார்த்தார். பதினான்கு என்றது. அவளுடைய காது சுட்டது. பின்னால் வரிசையில் யாரோ ஒரு பெண்பிள்ளை, ஐயோ பாவம், அவளுக்கும் கிடைக்கலடி என்று தோழியிடம் சொன்னது கேட்டது.

அலுவலர் படிவத்தைப் புரட்டினார். இன்னொரு வழி இருந்தது. உறவில் பெரியவர் ஒருவர் நேரில் வந்து இவருக்கு இந்த வயதுதான் என்று உறுதிமொழி கொடுத்தால் ஏற்கலாம். கொடுப்பவருக்கும் சரிபார்ப்பு உண்டு, முகத்தைக் காட்டினால் போதும், ஒரு நிமிட வேலை. அவர் தலையைத் தூக்கிப் பின்னால் நின்ற உயரமான பெண்ணைப் பார்த்தார்.

"நீங்க இந்தப் பாப்பாவுக்கு என்ன வேணும்?"

அம்மா திரும்பவில்லை. தங்கச்சி என்று மகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. கேமரா மறுபடியும் இருபத்து மூன்று என்று சொல்லும். இரண்டு கணக்கும் பிழைத்துக்கொள்ளும், முந்நூறு பேருக்குப் பாடம் நடக்கும், அடுத்த வாரம் ஃபைனலும் நடக்கும். திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தால், எப்படிப் பார்த்தாலும் அது ஒரு கட்டளை ஆகிவிடும். மேசை விளிம்பில் பெயர்ந்திருந்த மரப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

"பொண்ணு" என்றாள் மகள். "எனக்குப் பதினஞ்சு."

பள்ளி அட்டையை எடுத்து அம்மாவின் தோளுக்கு மேலாக நீட்டி மேசையில் வைத்தாள். முன்பக்கம் அவள் படம், பிறந்த தேதி. பின்பக்கம், பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர்கள் என்ற தலைப்பின் கீழே அப்பா படமும் அம்மா படமும், மேலே பள்ளியின் முத்திரை. தலைக்கவசம் இல்லாத, வட்டமான, கோடு விழாத அதே முகம். அலுவலர் அட்டையைத் திருப்பினார். அம்மாவைப் பார்த்தார், அண்ணாந்து மகளைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்து மேசையில் வைத்தார்.

"இதுக்கு மேல என்ன வேணும், இது போதும்" என்றார். பிறகு மகளிடம் குரலைத் தணித்துக்கொண்டு, "ஆனா ஒண்ணு கண்ணு. இத நான் ஏத்தினா உன் வயசும் உள்ள போயிடும். உன் பேர்ல எதாவது இருந்தா இன்னைக்கே மூடிடும். பதினாறு நிரம்பற வரைக்கும் திறக்காது. யோசிச்சுக்க."

அம்மா அப்போதுதான் திரும்பினாள். வேறு வழி பார்த்துக்கொள்ளலாம், ஆஸ்பத்திரியில் பழைய காகிதம் ஏதாவது இருக்கும் என்று ஆரம்பித்தாள். இன்றைக்குத்தான் கடைசி நாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "உனக்கு ஃபைனல் இருக்கே" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

"உனக்கு முந்நூறு பேரு இருக்காங்கம்மா." மகளின் கனமான குரல் நடுவில் ஒரு இடத்தில் பிசிறியது. "எனக்கு ஒம்போது மாசம்தான. ஏத்துங்க மேடம்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அம்மாவுக்கு அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ உயரத்தில் நின்றிருக்கிறாள், இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இருந்த உயரம் எதிலும் இருந்ததில்லை என்று பிற்பாடு கணவரிடம் சொன்னாள். அலுவலர் தாளை அவள் பக்கம் திருப்பி, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார். போடுங்க. பத்து நிமிடத்துக்கு முன்னால் 'சொல்லு பாப்பா' என்றவர். அவள் கையெழுத்தை அன்றைக்கு முழுப் பேரையும் எழுதிப் போட்டாள்.

எழுந்திருக்கும்போது அலுவலர் தயங்கி, எங்கள் குடியிருப்பு லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டும்போது ஒரு உதறு உதறுகிறது, பயப்பட வேண்டுமா என்று கேட்டார். ஏறும்போதா இறங்கும்போதா, இரண்டிலுமா, சத்தம் வருகிறதா என்று அவள் மூன்று கேள்வி கேட்டாள். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரோலர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், விழாது, ஆனால் இந்த மாதமே மாற்றச் சொல்லுங்கள் என்றாள். அலுவலர் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "சரிங்கக்கா" என்றார், தன் வயதை மறந்து.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது இரண்டு போனும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதிர்ந்தன. அம்மாவுடைய பக்கம் திறந்துவிட்டது. அக்கா எங்கே போனீங்க, அக்கா உடம்பு சரியில்லையா, அக்கா பிரேக் பாடம் புரியவில்லை என்று நூற்று நாற்பது பேர் காத்திருந்தார்கள். மகளின் திரை வெள்ளையாகி, நடுவில் நாலு வரி. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் தோளை இறக்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு நன்றி சொல்லலாம், ஆனால் அவர்கள் வீட்டில் அப்படிப் பழக்கமில்லை. அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன மாசம் அரையிறுதியில, பந்து கோட்டு மேல விழுந்துச்சுன்னு சொன்னே. அப்புறம் வெளியன்னு சொன்னே. அப்புறம் மறுபடி கோட்டு மேலன்னே. அதுதான் சரி. முதல்ல சொன்னதையே விட்டிருக்கலாம்."

மகள் அவளைக் குனிந்து பார்த்தாள். "நீ கேட்டியா அத?"

"எல்லாத்தையும் கேட்டிருக்கேன். மோட்டார் ரூம்ல உக்காந்து. சாப்பாடு இறங்குறதே உன் சத்தத்துலதான்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, விளையாட்டு ஆசிரியையிடம் நேராகப் போய், வயதால் பக்கம் மூடிப்போனதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். மைதானத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம், கொடுத்தால் கொடுக்கட்டும். கொடுப்பார்களா என்று அம்மா கேட்கவில்லை. கொடுக்காவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ் வருவதற்குள் மேற்பார்வையாளர் அழைத்துவிட்டார். பக்கத்துத் தெருவில் ஐந்து மாடி வணிகக் கட்டடம், கண்ணாடிக் கூட்டுக்குள் ஓடுகிற லிஃப்ட், ஒன்றாவது மாடியில் நின்றுவிட்டது, உள்ளே யாரும் இல்லை, ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. "பாப்பா, பக்கத்துலதான இருக்கே, போய்ப் பாத்துரு" என்றார்.

"பாத்துடறேன் சார்" என்றாள். போனை வைக்கப் போனவள் வைக்கவில்லை. "சார், ஒண்ணு சொல்லணும். இனிமே பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பாப்பா வேணாம்."

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, "சரிம்மா" என்றார். பேரைச் சொல்ல அவருக்கு இன்னும் கொஞ்ச நாளாகும் என்று அவளுக்குத் தோன்றியது. பரவாயில்லை.

அம்மா வேலை செய்வதை மகள் அதுவரை பார்த்ததில்லை. பள்ளிக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மஞ்சள் தடுப்புக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும், என்ன ஆனாலும் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, அம்மா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு படியேறிப் போனாள். இரண்டாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, கீழே நின்றுகொண்டிருந்த பெட்டியின் கூரைமேல் கால் வைத்து இறங்குவது கண்ணாடிக்குள் தெரிந்தது. கதவு மூடியது. கூரையில் ஒரு பக்கமாக மண்டியிட்டு எதையோ கழற்றினாள், துடைத்தாள், மறுபடி பொருத்தினாள். வாயில் கவ்வியிருந்த திருப்புளியைப் பைக்குள் செருகினாள். பிறகு எழுந்து நின்று, ஒரு கையால் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கூரையிலேயே இருந்த பொத்தானை அழுத்தினாள்.

கருப்பு மசகு பூசிய கயிறுகள் சத்தமில்லாமல் நகரத் தொடங்கின. கடைகளிலிருந்து வெளியே வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கூரைமேல் நின்றபடி அவள் நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தளத்தின் விளிம்பும் வரும்போது தலையைத் திருப்பி அதை ஒரு பார்வை பார்த்தாள், கூட்டத்தைப் பார்க்கவில்லை. மகளின் கண்ணுக்கு முதலில் அம்மா முழுசாகத் தெரிந்தாள், பிறகு தோளும் தலைக்கவசத்தின் விளக்கும் மட்டும். அந்த விளக்கை விடாமல் பார்ப்பதற்காக ஒரு அடி பின்னால் வைத்தாள், இன்னொரு அடி, இன்னொன்று. தூண் ஒன்று முதுகில் வந்து இடித்தது. கழுத்து வலித்தது. அங்கேயே சாய்ந்து நின்று, இன்னும் அண்ணாந்து பார்த்தாள்.